கீழ் போர்ஷனுக்கு எர்த் இருந்ததா?

திருச்சி தில்லைநகரில் அப்பா 1984-ஆம் ஆண்டில் கட்டிய வீட்டின் கீழ் போர்ஷனில் ஆறு ஆண்டுகள் குடியிருந்த குடும்பம், கடந்த செப்டம்பரில் சொந்த வீடு கட்டிக்கொண்டு காலி செய்தது. அட்வான்ஸ் கணக்கெல்லாம் முடிந்து, சாவிக் கொத்தை என் கையில் கொடுத்த பிறகு, வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே அந்த வீட்டுப் பெண்மணி சொன்னார்: "அக்கா, புதுசா வர்றவங்ககிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. ஈரக் கையோட ஃப்ரிட்ஜைத் தொட்டா சுர்ருனு இழுக்கும். நாங்க அதுக்கு முன்னாடி ஒரு ரப்பர் மேட் போட்டு வச்சிருந்தோம்." எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டேன். வந்த இரண்டாவது வருடத்திலிருந்தே என்றார். ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்துக் காட்டியதாகவும், அவர் பிளக் பாயிண்டை மாற்றிவிட்டுப் போனதாகவும், அதற்குப் பிறகும் அப்படியேதான் இருந்ததாகவும், இதற்கெல்லாம் என்னைத் தொந்தரவு செய்வானேன் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார்.

குழந்தை ஒன்று தவழ்ந்து, நடந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வீடு அது. ஒவ்வோர் ஆண்டும் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, "லைட், ஃபேன் எல்லாம் சரியா இருக்குல்ல?" என்று நான் கேட்டிருக்கிறேன், "இருக்குக்கா" என்று அவர்களும் சொல்லியிருக்கிறார்கள். இருவருமே உண்மையைத்தான் பேசியிருக்கிறோம். விளக்கும் மின்விசிறியும் சரியாகத்தான் இருந்தன. நான் கேட்டிருக்க வேண்டியது அதைப் பற்றியல்ல.

ஒரு குடித்தனம் போய் அடுத்த குடித்தனம் வருவதற்கு இடையில் கிடைக்கும் இருபது, முப்பது நாள்களில் வீட்டு உரிமையாளர்களாகிய நாம் என்னென்ன பார்க்கிறோம்? சுவருக்கு வெள்ளையடிக்கிறோம், ஒழுகும் குழாயை மாற்றுகிறோம், மேல்தொட்டியைக் கழுவுகிறோம், கதவுத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விடுகிறோம். மின்சாரத்துக்கு நாம் செய்வது ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பார்ப்பது மட்டுந்தான். ஆனால் ஒரு விளக்கு எரிவதற்கு, மின்சாரம் வரும் ஃபேஸ், அது திரும்பிப் போகும் நியூட்ரல் என்ற இரண்டு கம்பிகளே போதும். கருவிகளின் உலோக உடலை மண்ணோடு இணைக்கும் மூன்றாவதாகிய எர்த் கம்பிக்கு, எல்லாம் ஒழுங்காக இருக்கும்வரை எந்த வேலையும் இல்லை. அது அறுந்து போனாலும், துருப்பிடித்து மண்ணாகிப் போனாலும், வீட்டில் ஒரு விளக்குகூட மங்காது. குழாய் ஒழுகினால் சத்தம் கேட்கும், கூரை ஒழுகினால் கறை தெரியும், எர்த் போனால் ஒன்றுமே தெரியாது. அதனால்தான் அதைக் கண்ணால் பார்த்தோ சுவிட்சைப் போட்டோ தெரிந்துகொள்ள முடியாமல், கருவி வைத்து அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்த முறை வெள்ளையடிக்கும் ஆளை நிறுத்திவைத்துவிட்டு, முறையாக உரிமம் பெற்ற ஒருவரைத் தேடினேன். தமிழ்நாட்டில் ஒப்பந்ததாரர், மேற்பார்வையாளர், ஒயர்மேன், ஒயர்மேன் உதவியாளர் என்று தனித்தனியே உரிமமும் தகுதிச் சான்றும் வழங்குவதற்கென ஒரு மின் உரிம வாரியம் இருக்கிறது. புதிதாக இணைப்பு வாங்கும்போது உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட சோதனை அறிக்கையைக் கொடுக்கிறோம் அல்லவா, அதற்குப் பின்னால் இருப்பவர்கள் இவர்கள்தான். இணைப்பு வந்த பிறகு அவர்களை நாம் மறந்துவிடுகிறோம். சைக்கிளில் பையை மாட்டிக்கொண்டு வரும் பக்கத்துத் தெரு ஆளே எல்லாவற்றுக்கும் போதும் என்றாகிவிடுகிறது. பக்கத்துத் தெரு ஆள்களைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அவர்களில் கைத்திறன் மிகுந்தவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் பையில் டெஸ்டர் இருக்கும், ஸ்க்ரூடிரைவர் இருக்கும், பிளாஸ்டிக் டேப் இருக்கும். ஒயரின் உறை எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் மெகர் இருப்பது அரிது.

எனக்குக் கிடைத்த மேற்பார்வையாளர் அறுபது வயதை நெருங்கியவர். தொலைபேசியில் விவரத்தைச் சொன்னவுடன், "மழை ஆரம்பிக்கட்டும்மா, நவம்பர்ல வர்றேன்" என்றார். தட்டிக்கழிக்கிறார் என்றே முதலில் நினைத்தேன். காரணத்தைப் பிறகுதான் விளக்கினார். சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் சுவரில் ஒயரின் இன்சுலேஷனை, அதாவது கம்பியைச் சுற்றிய உறை மின்சாரத்தைக் கசியவிடாமல் தடுக்கும் திறனை, அளந்தால் எல்லா வீடும் நல்ல வீடாகவே தெரியும். வடகிழக்குப் பருவமழையில் நான்கு நாள் நனைந்து, வெளிச்சுவரில் ஓதம் ஏறிய பிறகு அளந்தால்தான் எந்த ஒயர் நோயாளி என்பது தெரியவரும். எர்த் கம்பி மண்ணுக்குள் இறங்கும் எர்த் குழிக்கு இது நேரெதிர். மண் ஈரமாக இருக்கும்போது அதன் அளவு நன்றாகவே வரும். அதை மே மாதத்தில் மறுபடியும் ஒரு முறை பார்க்க வேண்டும் என்றார். ஒரே நாளில் இரண்டுக்கும் சரியான பருவம் அமையாது என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, உதவியாளர் ஒருவருடன் வந்தார். மீட்டர் பெட்டியிலிருந்து தொடங்கினார். கம்பத்திலிருந்து மீட்டர் வரை இருப்பது மின்வாரியத்தின் பொறுப்பு, மீட்டருக்குப் பின்னால் வருவதெல்லாம் நம் பொறுப்பு என்பதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட்டார். முத்திரை வைத்த பகுதியில் அவர் கை வைக்கவில்லை. அதற்கு அடுத்ததாக, பீங்கானால் ஆன பழைய ஃபியூஸ் கேரியர்கள் ஆறு வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். இரண்டில் ஃபியூஸ் கம்பிக்குப் பதிலாக, சாதாரண ஒயரிலிருந்து உருவிய செம்பு இழைகளை முறுக்கிக் கட்டியிருந்தார்கள். அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று எந்தக் காலத்திலோ யாரோ செய்த உபகாரம் அது. அந்த இழை உருகுவதற்கு முன்னால் சுவருக்குள் இருக்கும் ஒயர் உருகிவிடும்.

அடுத்து, "எர்த் குழி எங்கேம்மா?" என்று கேட்டார். கிணற்றடிக்குப் பக்கத்தில் சிறு சிமெண்டுத் தொட்டியும் அதன் மேல் ஓர் இரும்பு மூடியும் இருந்ததும், வெயில் காலத்தில் அப்பா வாரம் ஒரு முறை அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியதும் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் இப்போது வழவழப்பான டைல்ஸ்தான் இருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நான்தான் முற்றத்தைச் சமப்படுத்தி டைல்ஸ் போடச் சொன்னேன். தொட்டியை என்ன செய்தீர்கள் என்று கொத்தனாரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எர்த் குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் போட்டு, ஈரம் தங்கும்படி வைப்பது எதற்காக என்றால், மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிப் பரவுவதற்கு வழி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். மேலே டைல்ஸ் போட்டு மூடியதால் மழைநீரும் இறங்கவில்லை. குடத்துத் தண்ணீரும் இல்லை. நாற்பது வருடத்து ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் உள்ளே என்ன நிலையில் இருந்ததோ தெரியாது.

வீட்டிலிருந்து வரும் எர்த் கம்பியைக் கழற்றிவிட்டு, முற்றத்துக்கு வெளியே தோட்டத்து மண்ணில் சற்றுத் தள்ளித்தள்ளி இரண்டு இரும்பு முளைகளை அடித்து, எர்த் டெஸ்டர் என்ற கருவியை அவற்றோடு இணைத்து அளந்தார். மழை பெய்து மண் ஈரமாக இருந்த அந்த நாளிலேயே எர்த்தின் தடை 84 ஓம் என்று காட்டியது. அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு துண்டுத் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். நம் வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் 230 வோல்ட். ஒரு கிரைண்டரின் உள்ளே ஃபேஸ் கம்பி அறுந்து அதன் உலோக உடலில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொண்டால், எர்த் வழியாக மண்ணுக்குள் இறங்கும் மின்னோட்டம் 230-ஐ 84-ஆல் வகுத்தால் கிடைப்பது, ஏறத்தாழ 2.7 ஆம்பியர். கிரைண்டருக்கு மின்சாரம் போகும் ஒயர் வரிசையில் இருக்கும் ஃபியூஸோ 16 ஆம்பியருக்கானது. ஒரு ஃபேனும் ஃப்ரிட்ஜும் அயர்ன் பாக்ஸின் பாதியும் ஓடுவதாக நினைத்துக்கொண்டு அது அசையாமல் உட்கார்ந்திருக்கும். கிரைண்டரின் உடல் முழுவதும் மின்சாரம் நிற்கும். யாராவது வந்து தொடும்வரை அப்படியே நிற்கும்.

எர்த் என்றால் ஏதோ மின்சாரத்தை உறிஞ்சிக்கொள்ளும் பள்ளம் என்ற எண்ணத்தில்தான் நான் இருந்தேன். அதன் வேலை வேறு. பழுது வந்த கணத்தில் பெரிய மின்னோட்டம் ஓடுவதற்கு வழிவிட்டு, ஃபியூஸையோ, அதன் இடத்தில் இப்போது வரும் தானியங்கி சுவிட்சான எம்.சி.பி.யையோ விழவைத்து மின்சாரத்தைத் துண்டிப்பதே அதன் வேலை. வழி குறுகலாக இருந்தால் மின்னோட்டம் குறைவாக இருக்கும். காவலாளி விழித்துக்கொள்ள மாட்டார்.

இதைவிட மோசமான செய்தி பிற்பகலில் வந்தது. மெயினை அணைத்து, ஃபேஸையும் நியூட்ரலையும் எர்த்தையும் போர்டில் தனித்தனியாகப் பிரித்து, எல்லா பிளக்குகளையும் உருவி, எல்.இ.டி. பல்புகளைக்கூடக் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெகரை வைத்தார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மெகா ஓம் (பத்து லட்சம் ஓம்) கணக்கில் தடை இருக்க வேண்டும். முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. வீட்டில் எங்கோ ஓர் இடத்தில் நியூட்ரலும் எர்த்தும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன என்பது அதன் பொருள். ஒவ்வொரு போர்டாகத் திறந்துகொண்டே போய், சமையலறையில் கிரைண்டருக்கான பிளக் பாயிண்டில் அதைக் கண்டுபிடித்தார். எர்த் துளைக்கும் நியூட்ரல் துளைக்கும் இடையே இரண்டு விரற்கடை நீளமுள்ள ஒரு கறுப்பு ஒயர் அழகாக முறுக்கி, ஸ்க்ரூ வைத்து இறுக்கப்பட்டிருந்தது.

நடந்தது என்னவாக இருக்கும் என்பதை அவர் ஊகித்துச் சொன்னார். எப்போதோ ஒரு குடித்தனக்காரரின் கிரைண்டரில் மோட்டார் கசிந்து ஷாக் அடித்திருக்கும். வந்த எலக்ட்ரீஷியன் டெஸ்டர் வைத்துப் பார்த்து, எர்த் வேலை செய்யவில்லை என்பதைப் புரிந்துகொண்டிருப்பார். குழியைத் தோண்டிச் சரிசெய்வது ஒரு நாள் வேலை. உரிமையாளரிடம் கேட்க வேண்டும், பணம் கேட்க வேண்டும். நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எர்த் துளைக்குக் கொடுப்பது ஒரு நிமிட வேலை. கிரைண்டரின் கசிவு அதன் பிறகு நியூட்ரல் வழியாக ஓசையில்லாமல் திரும்பிப் போயிருக்கும், ஷாக் நின்றிருக்கும், கெட்டிக்கார எலக்ட்ரீஷியன் என்ற பெயரும் கிடைத்திருக்கும்.

இதில் உள்ள அபாயம், வெளியே கம்பத்திலோ மீட்டர் பெட்டியிலோ நியூட்ரல் தளர்ந்து அறுபடும் நாளில்தான் வெளிப்படும். அப்போது ஃபேஸிலிருந்து விளக்கு, மின்விசிறி எல்லாவற்றின் வழியாகவும் வந்து சேரும் மின்சாரத்துக்குத் திரும்பிப் போக வழியிருக்காது. அது அந்தத் துண்டு ஒயரின் வழியாக எர்த் கம்பிக்குள் நுழையும். எர்த் கம்பியோடு இணைந்த கிரைண்டர், வாஷிங் மெஷின், கீசர் ஆகிய எல்லாவற்றின் உலோக உடலும் ஒரே நேரத்தில் மின்னேற்றம் பெறும். உயிரைக் காப்பதற்காகப் போட்ட கம்பியே வீடு முழுவதும் மின்சாரத்தைப் பரப்பும் கம்பியாகிவிடும். நல்ல எர்த் குழி இருந்தால் அந்த மின்னழுத்தத்தை ஓரளவு இழுத்துப் பிடித்திருக்கும். 84 ஓம் குழியால் அதுவும் முடியாது. கடைகளில் மூன்று சிறு விளக்குகளோடு கிடைக்கும் பிளக் டெஸ்டரைச் செருகிப் பார்த்தால் இந்த இடத்தில் 'சரி' என்றே காட்டும் என்பதையும் அவர் செருகிக் காட்டினார். நியூட்ரல் எது, எர்த் எது என்று பிரித்தறிய அந்தச் சிறு கருவிக்குத் தெரியாது. வீடு பார்க்கப் போகும்போது அதைக் கையில் எடுத்துப் போகும் பழக்கமுள்ளவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஃப்ரிட்ஜின் கதை இதைவிட எளியது. கிரைண்டருக்கு ஷாக் நின்றும் ஃப்ரிட்ஜுக்கு நிற்காததற்குக் காரணம், ஃப்ரிட்ஜுக்குப் போகும் எர்த் கம்பி வழியிலேயே அறுந்திருந்ததுதான். 1984-இல் ஒயருக்குப் பக்கத்திலேயே போட்டிருந்த மெல்லிய இரும்புக் கம்பி, ஒரு மூலையில் ஓதம் பட்டுத் துருவாக உதிர்ந்திருந்தது. ஃப்ரிட்ஜின் உள்ளே இருக்கும் பாகங்களிலிருந்து உடலுக்கு மிகச் சிறிய அளவில் கசிவு எப்போதும் இருக்கும். எர்த் இருந்தால் அது யாருக்கும் தெரியாமல் இறங்கிப் போய்விடும். இல்லாததால் ஈரக் கையோடும் வெறுங்காலோடும் தொட்டவர் வழியாக இறங்கியது. அந்தச் சுர்ரென்ற உணர்வால் அன்று யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் உள்ளே ஃபேஸ் கம்பி அறுந்து விழும் நாளில் அதைத் தடுக்க அங்கே எதுவுமே இல்லை என்பதை ஐந்து வருடமாக அது சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. பிளக் பாயிண்டை மட்டும் மாற்றியவர் அதைக் கேட்கவில்லை. ரப்பர் மேட் அதன் வாயையே மூடிவிட்டது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்சுலேஷன் சோதனையில் குறைந்தபட்சம் 1 மெகா ஓம் இருக்க வேண்டும். அந்தத் துண்டு ஒயரை எடுத்த பிறகு கீழ் போர்ஷனில் எல்லா வரிசைகளும் அதற்கு மேல்தான் இருந்தன, வெளிவிளக்கு வரிசை மட்டும் 1.4-இல் தள்ளாடியது. இரண்டு அறைகளில் சுவிட்ச், ஃபேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு ஹோல்டரில் கை வைப்பவருக்கு அது எமன். படுக்கையறையில் முந்தைய குடும்பத்தார் ஏ.சி. மாட்டிய பாயிண்ட், விளக்குக்காகப் போட்டிருந்த மெல்லிய ஒயரிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. சாக்கெட்டின் ஒரு துளையைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் கருகல் தெரிந்தது. நான்கு டியூப்லைட், மூன்று ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ் என்று அப்பா கணக்குப் போட்டுக் கட்டிய வீட்டில் ஏ.சி.யும் கீசரும் இண்டக்‌ஷன் அடுப்பும் ஒன்றாக ஓடுகின்றன. ஒயர் மட்டும் அதே ஒயர்.

வேலைகள் பத்து நாள் நடந்தன. தோட்டத்தின் பக்கம் புதிய எர்த் குழி தோண்டப்பட்டது. புதிய குழாயின் அளவு 4 ஓமுக்குச் சற்றுக் கீழே வந்தது. பீங்கான் கேரியர்கள் போய், ஒவ்வொரு வரிசைக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டி.பி. பெட்டியும் எம்.சி.பி.க்களும் வந்தன. அவற்றோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வந்தது. இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எம்.சி.பி. இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்கிற பலரை எனக்குத் தெரியும்.

எம்.சி.பி. காப்பது ஒயரை. அளவுக்கு மீறிய மின்னோட்டம் ஓடினால் அது விழும். மனித உடல் வழியாக அரை ஆம்பியர் ஓடினாலும் அதன் கணக்கில் அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் மனிதர் இறந்துவிடுவார். ஆர்.சி.சி.பி. செய்வது வேறு. ஃபேஸில் உள்ளே போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பி வரும் மின்னோட்டத்தையும் அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. போனது திரும்பவில்லை என்றால், எங்கோ கசிகிறது, ஒருவேளை யாரோ ஒருவரின் உடல் வழியாகக் கசிகிறது என்று பொருள். அந்த வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை, அதாவது ஓர் ஆம்பியரில் முப்பத்து மூன்றில் ஒரு பங்கை எட்டுவதற்குள் அது விழ வேண்டும். அதற்கு அனுமதிக்கப்பட்ட நேரம் 0.3 நொடி. எங்கள் வீட்டில் கருவி வைத்துப் பார்த்தபோது 22 மில்லி ஆம்பியரிலேயே விழுந்தது. மேலே சொன்ன 2.7 ஆம்பியர் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள்: 16 ஆம்பியர் ஃபியூஸ் தூங்கிய அதே பழுதில் இது கணத்தில் விழுந்துவிடும். ஒருவர் ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்து, தரையோடு தொடர்பில்லாமல் நின்றால் மட்டும் இதற்குத் தெரியாது. இன்னொன்று: இதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்திப் பார்க்க வேண்டும்; ஆனால் அந்தப் பட்டன் கருவியின் உள்ளிருக்கும் ஒரு தடையின் வழியாகவே சோதிக்கிறது. பட்டனை அழுத்தினால் விழுகிறது என்பதால் எர்த் நன்றாக இருக்கிறது என்று பொருளாகாது.

புதிய குடித்தனம் டிசம்பர் முதல் வாரத்தில் வந்தது. வந்த மூன்றாம் நாளே தொலைபேசி. ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கிறதாம். அவர்கள் கொண்டுவந்த இன்வெர்ட்டரை, அதை விற்ற கடையின் ஆள் வந்து இணைத்திருக்கிறார். "மேடம், அது ரொம்ப சென்சிடிவ்வா இருக்கு, பைபாஸ் பண்ணிட்டா பிரச்சினையே இருக்காது" என்று அந்த ஆள் என்னிடமே சொன்னார். இந்தச் சாதனத்துக்கு நம் ஊரில் நேரும் மரணங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் நேர்கின்றன என்று நினைக்கிறேன். மேற்பார்வையாளரை அழைத்தேன். பத்து நிமிடத்தில் காரணம் தெரிந்தது. இன்வெர்ட்டருக்கான ஃபேஸ், ஆர்.சி.சி.பி.க்கு முன்னாலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. அது விளக்குகள் வழியாகப் போய்த் திரும்பும் நியூட்ரலோ ஆர்.சி.சி.பி.யின் வழியாக வந்தது. உள்ளே போகாத மின்னோட்டம் வெளியே வருவதைப் பார்த்து, சாதனம் தன் கடமையைச் செய்திருக்கிறது. ஒயரை இடம் மாற்றியவுடன் விழுவது நின்றது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பராமரிப்பு வேலைகளை இரண்டாகப் பிரிக்கிறது. வீட்டின் உள்ளும் வெளியிலுமான மின் ஒயரிங் உரிமையாளரின் பங்கு. சுவிட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர், கீசர் ஆகியவற்றின் பழுது குடியிருப்பவரின் பங்கு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளவும் இடமுண்டு. சுவிட்ச் உடைந்தால் யார் செலவு செய்வது என்ற சண்டையைத் தீர்க்க இந்தப் பிரிவினை போதும். ஆனால் என் வீட்டில் சாக்கெட்டை மாற்றியது குடியிருப்பவர், அதன் பின்னால் அறுந்து கிடந்தது என் ஒயர். குற்றம் அந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் ஒளிந்திருந்தது. ஆர்.சி.சி.பி.யைக் குடியிருப்பவர் பொறுப்பில் விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை; புதிய ஒப்பந்தத்தில் அதை என் பொறுப்பு என்று எழுதிவிட்டேன்.

மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிகளில், இணைப்புப் பெற்ற மின்னமைப்பை 5 ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் சோதிக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 2023-இல் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்துள்ளன. எங்கள் வீட்டுக்கு 1984-க்குப் பிறகு அப்படி யாரும் வந்ததாக நினைவில்லை. நாங்களும் யாரையும் அழைத்ததில்லை. இங்கிலாந்தில் வாடகை வீட்டில் இருக்கும் தம்பி மகனிடம் இதைச் சொன்னபோது, அவன் தன் வீட்டின் சோதனை அறிக்கையை அனுப்பினான். அங்கே 2020-இல் வந்த விதிகளின்படி, தனியார் வாடகை வீட்டை உரிமையாளர் 5 ஆண்டுக்கு ஒரு முறையாவது தகுதியுள்ளவரைக் கொண்டு சோதித்து, அறிக்கையின் நகலைக் குடியிருப்பவருக்கு 28 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அபாயமானவற்றையும் அதே 28 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும். தவறினால் 30,000 பவுண்டு வரை அபராதம் என்று வைத்தார்கள். அபராதத்தைவிட என்னைக் கவர்ந்தது அந்த நகல்தான். வாடகைக்கு வருபவர் கையில், அளவுகளோடு ஒரு தாள். இந்தியாவில் ஆண்டுதோறும் 12,000-க்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி இறப்பதாகத் தேசியக் குற்றப் பதிவு அலுவலகத்தின் அறிக்கைகள் காட்டுகின்றன. அந்தத் தாளைக் கேட்கும் வழக்கம் மட்டும் இங்கே இன்னும் வரவில்லை.

வாடகைக்கு வீடு தேடுபவர்கள் மெகரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பது உண்மைதான். ஆனாலும் எர்த் குழி எங்கே என்று உரிமையாளரைக் கேட்கலாம். அவர் விழித்தால் அதுவே ஒரு பதில். டி.பி. பெட்டியைத் திறந்து ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்த்து, அவர் முன்னிலையிலேயே டெஸ்ட் பட்டனை அழுத்தலாம். சாக்கெட் துளைகளைச் சுற்றிக் கருகல் இருக்கிறதா, குளியலறைக்குள் கைக்கு எட்டும் இடத்தில் பாயிண்ட் இருக்கிறதா என்று கவனிக்கலாம். குடிவந்த பிறகு எதைத் தொட்டாலும் சுர்ரென்று இருந்தால், அதை அன்றே உரிமையாளரிடம், முடிந்தால் எழுத்தில், சொல்லிவிடலாம். தொந்தரவு என்று அவர் நினைத்தால் நினைக்கட்டும்.

சோதனைக்கு மட்டும் 4,500 ரூபாய் ஆனது. வேலைகள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ மூன்று மாத வாடகை. அளவுகளை ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, டி.பி. பெட்டிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன்; ஒரு நகல் புதிய குடும்பத்திடம் இருக்கிறது. அந்த வீட்டுப் பாட்டி துளசிக்குத் தண்ணீர் விடும்போது எர்த் குழிக்கும் ஒரு செம்பு விடுகிறார். ஒரு செம்பு போதாது, ஒரு குடம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். மே மாதத்தில் மேற்பார்வையாளர் வந்து குழியை மறுபடியும் அளப்பார்.

மேல் போர்ஷனில் அம்மா இருக்கிறார். அங்கேயும் அதே வயதுள்ள ஒயர்தான். கீழே வேலை முடிந்த அன்று மாலை, மேற்பார்வையாளர் போகிற போக்கில் மேலேயும் மெகரை வைத்துப் பார்த்ததில், பூஜையறையும் பின்கட்டும் சேர்ந்த வரிசை 0.3 மெகா ஓம் காட்டியது. அதை அப்போதே துண்டித்துவிட்டார். பொங்கல் முடிந்ததும் அந்தப் பக்கம் முழுவதையும் புது ஒயரிங் செய்வதாகப் பேச்சு. அதுவரை பூஜையறையில் எண்ணெய் விளக்கு மட்டும்தான். அம்மாவுக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.